ஹெச்பேஸ்ல ஹாஷ் பண்ண ரோ கீ கிடைக்கலையா? எங்கெங்க தேடணும்னு படிப்படியா

ஹெச்பேஸ்ங்கற டேட்டாபேஸ்ல உங்க டேபிள்ல டேட்டா இருக்கு, ஸ்கேன் அடிச்சா (டேபிளை வரிசையா படிச்சா) கண்ணு முன்னாடி தெரியுது, ஆனா அதே ரோ கீயை, அதாவது அந்த ரோவோட அடையாளத்தை, குடுத்து கெட் அடிச்சா 0 ரோனு வருது. இப்ப இந்த இடத்துல மாட்டிக்கிட்டு நிக்கிறீங்கன்னா இது உங்களுக்காகத்தான் எழுதுறேன். எனக்கு இதைக் கண்டுபிடிக்க நாலு நாள் ஆச்சு, அதுல மூணு நாள் தப்பான இடத்துல தேடினதுலயே போச்சு, உங்களுக்கு அது வேணாம்.

நாங்க மதுரைல ஒரு சின்ன டீம். சுத்துப்பட்டு ஊருல இருக்கற பூ வாங்குற மையங்கள்ல மல்லி எடை போட்டா அந்தச் சீட்டு எங்க சிஸ்டத்துக்கு வரும், அங்க இருந்து மாட்டுத்தாவணி மார்க்கெட் கணக்கு வரைக்கும் போகும். ஒவ்வொரு சீட்டும் ஒரு ரோ. ரோ கீ எப்படின்னா, மையத்தோட ஊர் பேரும் விவசாயி நம்பரும் சேத்து எம்டி5 ஹாஷ் (எந்த டெக்ஸ்ட் போட்டாலும் ஒரே நீளத்துல கலைஞ்ச பைட்டா தர்ற கணக்கு), அது 16 பைட், அதுக்குப் பின்னாடி நேரம் 8 பைட், ஆக மொத்தம் 24 பைட். நேரத்தை முன்னாடி வச்சா காலைல எல்லா மையமும் ஒரே சமயத்துல எழுதுறப்ப எல்லாம் ஒரே ரீஜியன்ல (கீ வரிசைப்படி டேபிளைப் பிரிச்ச ஒரு துண்டு) போய் குவியும், அதுக்காகத்தான் ஹாஷ் முன்னாடி. இது வரைக்கும் டிசைன் சரி.

ஒரு நாள் சோழவந்தான் பக்கத்துல இருந்து ஒரு அண்ணன் போன் பண்ணாரு. "தம்பி, நேத்து 14 கிலோ போட்டேன், சீட்டும் கையில இருக்கு, ஆப்புல ஒண்ணுமே காட்டலியே, காசு வருமா வராதா?" அவருக்கு அது ஒரு நாள் கூலி இல்ல, பறிச்ச ஆளுங்களுக்கும் அதுலதான் குடுக்கணும். டேபிள்ல பாத்தா அந்த 14 கிலோ இருக்கு. அவர் நம்பரைப் போட்டுத் தேடினா இல்ல. அங்க ஆரம்பிச்சதுதான் இது எல்லாம்.

1. முதல்ல கையில என்னென்ன இருக்கணும்

ஹெச்பேஸ் ஷெல்லை (கமாண்ட் அடிக்கிற திரை) திறக்கறதுக்கு முன்னாடி இதைச் சேத்து வச்சுக்கங்க, நடுவுல போய்க் கேட்டு வாங்கினா ஒவ்வொண்ணுக்கும் அரை நாள் போகும்.

கீ எப்படி உருவாகுதுனு ஒரு பக்கத்துல எழுதின பேப்பர். பெரும்பாலும் யார்கிட்டயும் இருக்காது, அப்ப நீங்களே எழுதுங்க. என்ன டெக்ஸ்ட் உள்ள போகுது, எந்த வரிசைல, நடுவுல என்ன பிரிப்பான், எந்த என்கோடிங், எந்த ஹாஷ், அதுல எத்தனை பைட் எடுக்கறோம், பின்னாடி என்ன ஒட்டுறோம். இதை எழுத உக்காந்தாலே பாதி கேள்வி அங்கயே வந்துரும். அதே பேப்பர்ல அஞ்சு உதாரணம், இந்த டெக்ஸ்ட் போட்டா இந்த ஹெக்ஸ் (ஒவ்வொரு பைட்டையும் ரெண்டு எழுத்தா காட்டுற முறை) வரணும்னு. டேபிளைத் தொடுற ஒவ்வொரு ப்ரோக்ராமும் அந்த அஞ்சுக்கும் அதே விடையைத் தரணும்.

எழுதுற ப்ரோக்ராம், படிக்கிற ப்ரோக்ராம் ரெண்டோட சோர்ஸ் கோடும் வேணும், ஒண்ணு மட்டும் பத்தாது. எங்க கிட்ட மொத்தம் மூணு இருந்துச்சு: மையத்து போன் ஆப்புக்கான சர்வர், ஆபீஸ்ல பழைய எக்ஸெல்ல இருந்து ஏத்துற பைத்தான் ஸ்க்ரிப்ட், ஸ்டேட்மெண்ட் எடுக்கற ஜாவா ஜாப். பிரச்சனை எப்பவும் இந்த மாதிரி ரெண்டு பேர் கை சேருற இடத்துலதான்.

பர்மிஷன் விஷயத்துல, தேடுறதுக்கு ரீட் மட்டும் போதும், அதை மட்டும் கேளுங்க. ரைட் பர்மிஷனோட தேடப் போனா தப்பித் தவறி புட் (எழுதுற கமாண்ட்) அடிச்சு குப்பை சேத்துருவீங்க, நான் பண்ணேன், கீழ சொல்றேன். ஸ்நாப்ஷாட் (டேபிள் இப்ப இருக்கற நிலையைப் பதிஞ்சு வைக்கிறது) எடுக்கறதுக்கு அட்மின் ஆள் வேணும், அவர்கிட்ட இப்பவே சொல்லி வச்சுருங்க.

2. எழுத்தைப் பாக்காதீங்க, நீளத்தை எண்ணுங்க

நான் வீணாக்கின மூணு நாளும் இதைச் செய்யாததால போனதுதான். பைத்தானோ ஜாவாவோ, பத்து வரில ஒரு ப்ரோக்ராம் எழுதுங்க: டேபிளை 50 ரோ லிமிட் வச்சு ஸ்கேன் பண்ணி, ஒவ்வொரு கீக்கும் எத்தனை பைட்டுங்கறதையும் முழு ஹெக்ஸையும் பிரிண்ட் பண்ணணும், அவ்வளவுதான். மொத்தமா அரை மணி நேர வேலை.

நீளம் நிறைய சொல்லும். எம்டி5 னா 16 பைட், ஷா-1 னா 20, ஷா-256 னா 32. அந்த 16 பைட்டை யாராவது ஹெக்ஸ் எழுத்தா மாத்தி வச்சிருந்தா 32 ஆகும், பேஸ்64 ஆக்கி வச்சிருந்தா 24 ஆகும், கடைசில ரெண்டு ஈக்குவல் குறி நிக்கும். எங்க கீயோட சரியான நீளமும் 24 தான், அதனால நம்பரை மட்டும் பாத்து சரின்னு முடிவு பண்ணாம ஹெக்ஸையும் பாருங்க. எங்க கீல 17வது பைட்ல இருந்து 00 00 01 னு வரணும், ஏன்னா மில்லிசெகண்ட் நேரத்தை 8 பைட்டா எழுதினா இப்பல்லாம் அப்படித்தான் ஆரம்பிக்கும். அது அந்த இடத்துல இல்லன்னா முன்னாடி இருக்கறது 16 பைட் இல்லனு அர்த்தம்.

இன்னொரு அடையாளம் மனசுல வச்சுக்கங்க. ஹெக்ஸ்ல ஈஎஃப் பிஎஃப் பிடி, ஈஎஃப் பிஎஃப் பிடி னு திரும்பத் திரும்ப வந்து, நீளமும் ரோவுக்கு ரோ மாறுச்சுன்னா, யாரோ ஹாஷோட பைட்டை ஸ்ட்ரிங்கா மாத்தி மறுபடி பைட்டா ஆக்கிருக்காங்க. யூடிஎஃப்-8 ல செல்லாத பைட் எல்லாம் ஒரே மாத்து எழுத்தா ஆயிடும், அதுக்குத்தான் அந்த மூணு பைட். அதுல போன தகவல் போனதுதான், கீயை வச்சுத் திரும்ப எடுக்கவே முடியாது, அதை விட மோசம், ரெண்டு வேற வேற கீ ஒண்ணாயிடவும் வாய்ப்பு இருக்கு. இதைப் பாத்தீங்கன்னா உடனே அந்த ப்ரோக்ராமை எழுத விடாம நிறுத்துங்க, மீதி எல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்.

கீ ஒரு சின்ன பி எழுத்தும் சிங்கிள் கோட்டுமா ஆரம்பிச்சா அது பைத்தான் 3 காரங்க வேலை, பைட்ஸை எஸ்டிஆர் போட்டு மாத்திருப்பாங்க.

3. ஷெல்லுல சரியா கேளுங்க

ஹெச்பேஸ் ஷெல் உள்ள ஓடுறது ஜேரூபி. அதனால சிங்கிள் கோட்டுக்குள்ள பேக்ஸ்லாஷ் எக்ஸ் 93 னு போட்டா அது ஒரு பைட் இல்ல, நாலு எழுத்து. டபுள் கோட்டுக்குள்ள போட்டாத்தான் ஒரு பைட். ஸ்கேன்ல வந்த கீயைக் காப்பி பண்ணி சிங்கிள் கோட்டுல ஒட்டி கெட் அடிச்சா எப்பவும் 0 தான் வரும். புதுசா வர்றவங்க எல்லாருமே முதல்ல முட்டுற இடம் இதுதான்.

இதே தப்போட நான் டெஸ்டுக்காக ஒரு புட் அடிச்சேன். அது எர்ரர் எதுவும் குடுக்காம ஒரு புது ரோ எழுதிருச்சு, கீயோ வெறும் பேக்ஸ்லாஷும் எக்ஸும் நம்பருமா நீளமா இருக்கு. உங்க டேபிள்லயும் ஸ்கேன்ல 5சி க்கு அப்புறம் ஒரு எக்ஸ் எழுத்து திரும்பத் திரும்ப தெரிஞ்சா, அது உங்களுக்கு முன்னாடி யாரோ இப்படி எழுதின குப்பை ரோதான்.

அடுத்தது, ஷெல் எல்லா பைட்டையும் ஹெக்ஸா காட்டாது. அச்சடிக்க முடியிற எழுத்துன்னா எழுத்தாவே காட்டும். 37 ங்கற பைட் வெறும் 7 னு தெரியும். அதனால பேக்ஸ்லாஷ் எக்ஸ் 047 னு தெரிஞ்சா அது 04 ஒரு பைட், 37 அடுத்த பைட். நான் இதை 047 னு ஒரே நம்பரா படிச்சு, கீல 15 பைட் தான் இருக்குனு ஒரு மதியம் பூரா கோடுல தேடிக்கிட்டு இருந்தேன். பேப்பர்ல கையால பிரிச்சு எழுதினப்பதான் புரிஞ்சுச்சு. அதுக்குத்தான் மேல சொன்ன அந்தச் சின்ன ப்ரோக்ராம், அதுல எல்லாமே ரெண்டு ரெண்டு எழுத்தா சீரா வரும்.

டபுள் கோட் போட்டும் வரலன்னா, கீக்குள்ள டபுள் கோட் குறியோ ஹாஷ் குறியோ (#) இருக்கானு பாருங்க. டபுள் கோட் நடுவுல வந்தா ஸ்ட்ரிங் அங்கயே முடிஞ்சுரும், ஹாஷ் குறிக்கு அடுத்து மீசை அடைப்பு, டாலர், அட் குறி இதுல ஒண்ணு வந்தா ரூபி அதை வேற அர்த்தத்துல எடுத்துக்கும். ரெண்டையும் ஹெக்ஸா எழுதிருங்க, டபுள் கோட்டுக்கு 22, ஹாஷ் குறிக்கு 23.

மாஸ்டரோட (ஹெச்பேஸோட தலைமை சர்வர்) வெப் பேஜ்ல ரீஜியன் பேர் கடைசில ஒரு 32 எழுத்து ஹெக்ஸ் இருக்கும். அதுவும் எம்டி5 தான், ஆனா ரீஜியன் பேரோட எம்டி5. அதுக்கும் உங்க ரோ கீக்கும் சம்பந்தமே இல்ல.

4. ஹாஷுக்குள்ள போற சரக்கைப் பாருங்க

ஷெல்ல சரியா கேட்டும் வரல, நீளமும் சரியா இருக்குன்னா, ஹாஷுக்கு உள்ள போற பைட் வேறயா இருக்கு. ஹாஷ்ல கொஞ்சம் தப்புங்கறதே கிடையாது, உள்ள ஒரே ஒரு பைட் மாறினாலும் வெளிய வர்றது அடையாளமே தெரியாது. அதனால வெளிய வந்த ரெண்டு ஹாஷையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாக்கறதுல பிரயோஜனமே இல்ல. ரெண்டு ப்ரோக்ராம்லயும் ஹாஷ் பண்றதுக்கு ஒரு வரி முன்னாடி, உள்ள போற பைட்டோட நீளத்தையும் ஹெக்ஸையும் லாக் பண்ணுங்க, அதை ஒப்பிடுங்க.

சுலபமா மாட்டுற கேஸ் ரெண்டு. உங்க ஹாஷ் டி41டி8சிடி98 னு ஆரம்பிச்சா அது காலி டெக்ஸ்டோட எம்டி5, உள்ள ஒண்ணுமே போகலனு அர்த்தம், வேரியபிள் நிரம்புறதுக்கு முன்னாடியே ஹாஷ் பண்றீங்க. 68பி329டிஏ98 னு ஆரம்பிச்சா உள்ள போனது வெறும் ஒரு நியூலைன் மட்டும். லினக்ஸ்ல எக்கோ போட்டு எம்டி5சம்முக்கு அனுப்புறவங்க இதைக் கவனிங்க, எக்கோ கடைசில ஒரு நியூலைன் தானா சேக்கும், அதோட சேத்து ஹாஷ் ஆகி எல்லா விடையும் தப்பா வரும். ப்ரிண்ட்எஃப் போடுங்க, இல்லன்னா எக்கோவுக்கு மைனஸ் என் குடுங்க.

நம்பர் விஷயமும் பாத்துக்கங்க. விவசாயி நம்பர் 412 னு டெக்ஸ்டா போனா 3 பைட், லாங்கா போனா 8 பைட், 0412 னு எக்ஸெல்ல இருந்து வந்தா 4 பைட். மூணுக்கும் மூணு ஹாஷ்.

எங்களுக்கு இது எல்லாமே சரியா இருந்துச்சு. ஆனாலும் ரோ வரல.

நாலாவது நாள் காலைல, எங்க கூட இருக்கற ஒரு பொண்ணு, இப்பதான் வேலைக்குச் சேந்தது, கம்ப்ளெயிண்ட் வந்த மையங்களை மட்டும் ஒரு பேப்பர்ல வரிசையா எழுதிக்கிட்டு வந்துச்சு. சோழவந்தான், கொட்டாம்பட்டி, கோச்சடை, பொதும்பு. கம்ப்ளெயிண்டே வராதது மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம், பாலமேடு. "அண்ணே, தப்பா போறதுல எல்லாம் ஒரு ஓகாரமோ ஒகாரமோ இருக்கு, பாத்தீங்களா?"ன்னு கேட்டுச்சு. நான் அந்த லிஸ்டை அப்படியே பாத்துக்கிட்டு இருந்தேன்.

விஷயம் இதுதான். தமிழ்ல சோ ங்கற எழுத்தை யூனிகோடுல ரெண்டு விதமா எழுதலாம். ச வுக்கு அப்புறம் ஓகாரக் குறியை ஒரே கோட் பாயிண்டா (யூனிகோடு ஒவ்வொரு எழுத்துக்கும் குறிக்கும் குடுக்கற நம்பர்) போடலாம், இல்லன்னா முன்னாடி வர்ற இரட்டைக் கொம்பையும் பின்னாடி வர்ற காலையும் தனித்தனியா ரெண்டு கோட் பாயிண்டா போடலாம். திரைல ரெண்டும் அச்சு அசலா ஒண்ணுதான், எவ்வளவு உத்துப் பாத்தாலும் வித்தியாசம் தெரியாது. ஆனா தமிழ்ல ஒவ்வொரு கோட் பாயிண்டும் யூடிஎஃப்-8 ல 3 பைட். சோழவந்தான் னு ஒரு விதமா எழுதினா 10 கோட் பாயிண்ட், 30 பைட். இன்னொரு விதமா எழுதினா 11 கோட் பாயிண்ட், 33 பைட். போன் ஆப்ல இருந்து வந்தது 30, ஆபீஸ்ல பழைய ஃபாண்ட்ல இருந்து மாத்தின மாஸ்டர் லிஸ்ட்ல இருந்தது 33. எழுதுறப்ப ஒண்ணு, தேடுறப்ப இன்னொண்ணு. நாங்க அன்னைக்கு முதல் தடவையா ஹாஷுக்கு முன்னாடி நீளத்தை லாக் பண்ணோம், ரெண்டே நிமிஷத்துல 30 க்கும் 33 க்கும் உள்ள அந்த 3 பைட் வித்தியாசம் கண்ணுல பட்டுருச்சு.

இதே மாதிரி ஒகாரத்துக்கும் ஔகாரத்துக்கும் ரெண்டு வழி உண்டு. மேலூர்ல வர்ற ஏகாரத்துக்கு அப்படி இல்ல, அதான் மேலூர்காரங்க தப்பிச்சாங்க.

தீர்வு: ஹாஷ் பண்றதுக்கு முன்னாடி டெக்ஸ்டை என்எஃப்சி நார்மலைஸ் பண்ணுங்க, அதாவது ரெண்டு விதமா எழுதினதையும் ஒரே கோட் பாயிண்ட் வடிவத்துக்குக் கொண்டு வாங்க. ஜாவால நார்மலைசர் கிளாஸ் இருக்கு, பைத்தான்ல யூனிகோட்டேட்டா மாட்யூல் இருக்கு, ஒரே ஒரு வரி. எழுதுற பக்கம், படிக்கிற பக்கம் ரெண்டுலயும் போடணும், ஒரு பக்கம் மட்டும் போட்டா இன்னும் குழப்பம். ஆனா என்எஃப்சி எல்லாத்தையும் சரி பண்ணாது. ஔகாரத்துக்கு கடைசில ள எழுத்தையே டைப் பண்ணிருந்தா அது அப்படியேதான் இருக்கும், கண்ணுக்குத் தெரியாத ஜீரோ விட்த் நான் ஜாய்னர் உள்ள இருந்தா அதுவும் அப்படியே நிக்கும், ஹெக்ஸ்ல ஈ2 80 8சி னு தெரியும். முன்னாடி பின்னாடி ஸ்பேஸும் போகாது. இதையெல்லாம் நீங்களே தனியா வெட்டணும்.

என்னைக் கேட்டா, ஊர் பேரை கீல போடவே கூடாது. மையத்துக்கு ஒரு நம்பர் குடுத்து அதைப் போட்டிருந்தா இந்தக் கதையே இல்ல. புதுசா ஆரம்பிக்கிறவங்க தயவு செஞ்சு அப்படிப் பண்ணுங்க.

5. கோடுல எப்பவும் உடையிற இடங்கள்

ஜாவால சார்செட் சொல்லாம கெட்பைட்ஸ் கூப்பிட்டா, ஜாவா 18 க்கு முந்தின வெர்ஷன்ல அது மெஷினைப் பொறுத்தது. லினக்ஸ் சர்வர்ல யூடிஎஃப்-8 ஆ இருக்கும், ஆபீஸ் விண்டோஸ் மெஷின்ல பெரும்பாலும் வேற. அங்க தமிழ் எழுத்து ஒவ்வொண்ணும் கேள்விக்குறியா மாறிடும், எர்ரரும் வராது. பாலமேடு ல 7 கோட் பாயிண்ட், கோச்சடை ல 7 கோட் பாயிண்ட், ரெண்டும் ஏழு கேள்விக்குறி, விவசாயி நம்பரும் ஒண்ணா இருந்துட்டா ஒரே ஹாஷ். ஒருத்தர் கணக்குல இன்னொருத்தர் பூ போயிடும். லாக்ல 3எஃப் 3எஃப் 3எஃப் னு வரிசையா பாத்தா இதுதான். எப்பவும் யூடிஎஃப்-8 னு வெளிப்படையா எழுதுங்க.

ஹாஷை ஹெக்ஸா மாத்த ஜாவாவோட பிக்இன்டிஜர் (பெரிய நம்பருக்கான கிளாஸ்) வழியா போறவங்களுக்கு, முன்னாடி இருக்கற சைபர் விழுந்துரும், 16 ல ஒரு கீக்கு 32 க்கு பதிலா 31 எழுத்தோ அதுக்கும் கம்மியாவோ வரும். சில பேருக்கு மட்டும் வரலங்கற கம்ப்ளெயிண்டுக்கு நல்ல காரணம் இது. ஹெக்ஸ்ல பெரிய எழுத்தா சின்ன எழுத்தாங்கறதும் பாருங்க, ஹெச்பேஸுக்கு ரெண்டும் வேற.

ரெஸ்ட் கேட்வே (ஹெச்பேஸை வெப் மூலமா படிக்கற வழி) வழியா ஜேசன்ல படிச்சா ரோ கீ பேஸ்64 ல வரும், அதை அவுக்காம அப்படியே அடுத்த டேபிள்ல எழுதிராதீங்க. ஃபீனிக்ஸ்ல (ஹெச்பேஸ் மேல எஸ்க்யூஎல் போட விடுற லேயர்) சால்ட் பக்கெட் வச்சு உண்டாக்கின டேபிள்னா கீக்கு முன்னாடி ஒரு பைட் கூடுதலா இருக்கும், நேரா ஹெச்பேஸ்ல தேடினா அந்த பைட்டையும் சேத்துக் குடுக்கணும்.

ஒரு எச்சரிக்கை, இடம் மிச்சம்னு ஹாஷ்ல 4 பைட் மட்டும் எடுத்து அதையே முழு கீயா வைக்காதீங்க. சுமார் 77,000 கீ வந்தாலே எங்கயாவது ரெண்டு மோதுறதுக்கு பாதிக்குப் பாதி வாய்ப்பு. 4 பைட் எடுக்கறது தப்பில்ல, பின்னாடி அசல் ஐடியையும் ஒட்டிருங்க. அப்ப லோடும் பரவும், கீயைப் பாத்தே யாருதுனு சொல்லவும் முடியும், முழு ஹாஷை விட எனக்கு இதுதான் பிடிச்சிருக்கு. இன்னொண்ணு, போன் நம்பரை ஹாஷ் பண்ணிட்டா ரகசியமாயிடுச்சுனு நம்பாதீங்க. நம்ம ஊர் மொபைல் நம்பர் 6 ல இருந்து 9 வரைக்கும் ஆரம்பிக்கிற 10 இலக்கம், மொத்தமே 400 கோடி, எல்லாத்தையும் ஹாஷ் பண்ணிப் பாக்கறது கம்ப்யூட்டருக்குப் பெரிய வேலையே இல்ல.

6. ஸ்கேன் ரேஞ்ச்

ஒரு விவசாயியோட எல்லாச் சீட்டும் வேணும்னா அந்த 16 பைட்ல ஆரம்பிக்கிற எல்லா ரோவும் வேணும். ஸ்டார்ட் ரோ சேரும், ஸ்டாப் ரோ சேராது. நிறைய பேர் ஸ்டாப்புக்கு கடைசி பைட்ல 1 கூட்டி விட்டுருவாங்க. கடைசி பைட் எஃப்எஃப் ஆ இருந்தா அது 00 ஆயிடும், ஸ்டாப் ஸ்டார்ட்டை விடச் சின்னதாயிடும், ரோ வராது. 256 பேர்ல ஒருத்தருக்கு மட்டும் ஸ்டேட்மெண்ட் காலியா வரும், டெஸ்டிங்ல மாட்டவே மாட்டாது. எஃப்எஃப் ஆ இருந்தா அதை வெட்டிட்டு முந்தின பைட்ல 1 கூட்டணும். நீங்களா எழுதாம ஹெச்பேஸ் கிளையண்ட்லயே இருக்கற ப்ரீஃபிக்ஸ் ஸ்கேன் மெத்தடை உபயோகிங்க, அது இதைச் சரியா பாத்துக்கும்.

நீங்களே ஜாவால கீயை சார்ட் பண்றீங்கன்னா ஞாபகம் வைங்க, ஜாவால பைட் மைனஸ் 128 ல இருந்து 127, ஹெச்பேஸ் வரிசை 0 ல இருந்து 255.

7. ரீஜியன் சரியா பிரிஞ்சிருக்கா

ரோ கிடைக்குது, ஆனா ஸ்லோ, ஒரு சர்வர் மட்டும் மூச்சு முட்டுதுன்னா இதைப் பாருங்க. ஷெல்லுல கெட்_ஸ்ப்ளிட்ஸ் அடிச்சா எல்லை எங்கெங்கனு தெரியும், மாஸ்டர் வெப் பேஜ்ல 16010 போர்ட்ல ஒவ்வொரு ரீஜியனுக்கும் எத்தனை ரிக்வெஸ்டுனு தெரியும்.

பைனரி கீ வச்சுக்கிட்டு டேபிளை ஹெக்ஸ்ஸ்ட்ரிங்ஸ்ப்ளிட் போட்டு உண்டாக்கிருந்தா கதை கந்தல். அது ஹெக்ஸ் எழுத்துல இருக்கற கீக்கானது. 16 ரீஜியன் கேட்டிருந்தீங்கன்னா, எல்லை எல்லாம் 1 ங்கற எழுத்துல இருந்து எஃப் ங்கற எழுத்து வரைக்கும் ஒரு சின்ன இடுக்குல இருக்கும். கணக்குப் போட்டா கடைசி ரீஜியனுக்கு மட்டும் 60 சதவீதம், முதல் ரீஜியனுக்கு 19, நடுவுல ஒண்ணுக்கு 16 கிட்ட, மீதி 13 ரீஜியனுக்கும் ஆளுக்கு அரை சதவீதம் கூட வராது. பைனரிக்கு யூனிஃபார்ம்ஸ்ப்ளிட் போடணும்.

8. கீயை மாத்தி எழுதணும்னா: செலவும் நேரமும்

ரோ கீயை அப்டேட் பண்ண முடியாது. புது கீல எழுதி பழசை அழிக்கணும், அதுக்கு புது டேபிள்தான் நல்லது. காப்பிடேபிள் டூல் கீயை அப்படியே எடுத்துட்டுப் போகும், இதுக்கு உதவாது, நீங்களே ஜாப் எழுதணும். அதுக்கு முன்னாடி ஒரே கேள்வி: ஹாஷுக்கு உள்ள போன அசல் டெக்ஸ்ட் டேபிள்ல தனி நெடுவரிசைல (காலம்) இருக்கா? ஹாஷ்ல இருந்து திரும்ப வர முடியாது. எங்க கிட்ட மையம் பேரும் நம்பரும் தனி நெடுவரிசைல இருந்துச்சு, அது ஒண்ணுதான் எங்களைக் காப்பாத்துச்சு.

இடம்: வேலை முடியிற வரைக்கும் ரெண்டு டேபிளும் இருக்கும். 40 ஜிபி டேபிள்னா, ஹெச்டிஎஃப்எஸ்ல (ஹெச்பேஸ் ஃபைல் வைக்கிற இடம்) 3 காப்பி, இன்னொரு 120 ஜிபி காலி வேணும். ஸ்நாப்ஷாட் எடுக்க உடனே இடம் ஆகாது, ஆனா அது இருக்கற வரைக்கும் பழைய ஃபைல் எதுவும் அழியாது. ஹெக்ஸ்ல இருந்து பைனரிக்கு மாறுறீங்கன்னா மிச்சமும் உண்டு, கீ ஒவ்வொரு செல்லோடயும் எழுதப்படுறதால 10 கோடி ரோ, 12 நெடுவரிசைன்னா 16 பைட் வித்தியாசத்துக்கே சுமார் 19 ஜிபி, 3 காப்பிக்கு 58 கிட்ட, கம்ப்ரெஷனுக்கு முன்னாடி.

நேரம்: ஊகிக்காதீங்க, முதல்ல 1 லட்சம் ரோ ஓட்டிப் பாருங்க. அது 40 செகண்ட்னா 10 கோடிக்கு 11 மணி நேரம். ராத்திரி 10 மணிக்கு ஆரம்பிச்சா விடியக்காலம் பூ வர்றப்பவும் ஓடிக்கிட்டு இருக்கும். அதனால 16 துண்டா வெட்டுங்க, முதல் பைட் 00 ல இருந்து 0எஃப் வரைக்கும் ஒண்ணு, 10 ல இருந்து 1எஃப் வரைக்கும் ஒண்ணுனு. ஹாஷ்ங்கறதால எல்லாத் துண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவு, ஆளுக்கு 42 நிமிஷம், ஒரு ராத்திரிக்கு ஆறு துண்டு, மூணு ராத்திரில முடிஞ்சுரும். முகூர்த்த நாளுக்கு முந்தின ராத்திரி மட்டும் தொடாதீங்க, அன்னைக்கு வர்ற சரக்கும் ஜாஸ்தி, விலையும் ஜாஸ்தி, ஒரு சீட்டு தவறினாலும் ஒருத்தருக்குப் பெரிய நஷ்டம்.

வரிசை இப்படி வைங்க. ஸ்நாப்ஷாட் எடுங்க. புது டேபிளை சரியான ஸ்ப்ளிட்டோட உண்டாக்குங்க. ஆப் ரெண்டு டேபிள்லயும் எழுதற மாதிரி மாத்துங்க. அதுக்கு அப்புறம்தான் பழைய டேட்டாவைக் காப்பி பண்ண ஆரம்பிக்கணும், முன்னாடியே ஆரம்பிச்சா நடுவுல வந்த சீட்டு விட்டுப் போகும். காப்பி பண்றப்ப செல்லோட பழைய டைம்ஸ்டாம்பையே குடுங்க, குடுக்கலன்னா எல்லாத்துக்கும் இன்னைக்குத் தேதி விழுந்து டிடிஎல் (டேட்டா தானா அழியிற கெடு) மறுபடி முதல்ல இருந்து எண்ண ஆரம்பிச்சுரும், அதோட புதுசா வந்த அப்டேட்டை பழசு மூடிரவும் செய்யும்.

எண்ணிக்கை சரி பாக்க ஷெல்லுல கவுண்ட் வேணாம், ரொம்ப நேரம் இழுக்கும், ரோகவுண்டர் ஜாப் ஓட்டுங்க. புது டேபிள்ல கம்மியா வந்தா பதறாதீங்க, ரெண்டு விதமா எழுதின ஒரே கீ இப்ப ஒண்ணா சேந்திருக்கலாம். எங்களுக்குப் பின்னாடி நேரம் இருந்ததால மோதல, உங்க கீ வெறும் ஹாஷ் மட்டும்னா எந்தெந்த ரோ சேந்துச்சுனு காப்பி ஜாப்லயே ஒரு லிஸ்ட் எழுதி வச்சு ஒவ்வொண்ணா பாருங்க.

சரி பாத்த பிறகு படிக்கிறதை புதுசுக்கு மாத்துங்க. பேர் பழைய பேராவே வேணும்னா, டேபிளுக்கு நேரா ரீநேம் கமாண்ட் கிடையாது, புது டேபிளை ஸ்நாப்ஷாட் எடுத்து அந்தப் பேர்ல குளோன் பண்ணணும், அதுவும் பழைய டேபிளை டிராப் பண்ண பிறகுதான் முடியும். அதுவரைக்கும் பழைய டேபிளை டிராப் பண்ணாம டிசேபிள் மட்டும் பண்ணி வைங்க. நாங்க அந்த மாசக் கணக்கு முடிஞ்சு, சோழவந்தான் அண்ணன் உட்பட நாலு மையத்துக்கும் பாக்கி போய்ச் சேந்ததுக்கு அப்புறம்தான் டிராப் பண்ணோம். டிராப் பண்ண கையோட ஸ்நாப்ஷாட்டையும் டெலீட் பண்ணுங்க, அது இருக்கற வரைக்கும் அந்த 120 ஜிபி திரும்ப வராது.